தலை நீங்கலாக நூற்று அறுபது சென்டிமீட்டர்

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ரோஜாச் செடி வளர்த்தால் ஊருக்குக் கவலை இல்லை. தூண்டில் போட்டு மீன் பிடித்தாலும் பாதகமில்லை. பேய்க்கதை எழுத உட்கார்ந்துவிட்டார் என்றால்தான், வாசகரே, உயிரோடு இருப்பவர்களும் செத்துப்போனவர்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

எங்கள் கெல்லி முனையில் அப்படி ஒருவர் இருக்கிறார். கிளைவ் ட்ரெலோர், முன்னாள் சீனியர் சார்ஜண்ட். கடலோரத்துச் சின்ன ஊர். முப்பது வருடம் இங்கேதான் காவல் காத்தார். இந்த ஊர் நூலகத்தை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவன் நான். ஆகவே, அவர் எழுதிய நாவல்களை எல்லாம் முதலில் படித்த பாவம் என்னுடையது.

இந்த வகை ஆளை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். ஒரு பத்தி படித்தால் போதும். ‘மேற்படி ஆவி ஆண் இனத்தைச் சேர்ந்தது. உயரம், தலை நீங்கலாக, நூற்று அறுபது சென்டிமீட்டர். வடகிழக்குச் சுவர் வழியாக உள்ளே நுழைந்து தென்மேற்குச் சுவர் வழியாக வெளியேறியது. கதவு, சன்னல்களுக்குச் சேதம் இல்லை.’ வேறு எழுத்தாளரின் பேய் அலறும், சிரிக்கும், திரைச்சீலையை அசைக்கும். கிளைவின் பேய் முகவரி சொல்லும். வேறு கதைகளில் பேயைக் கண்டு மனிதன் ஓடுவான். இவர் கதையில் வருகிற ஓய்வுபெற்ற அதிகாரி, பெயர் கிளிஃப், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேயை உட்காரச் சொல்லி, செத்த தேதியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கேட்டு, முந்தின அத்தியாயத்தில் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி, கடைசியில் அது தேம்பித் தேம்பி அழுது ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். முதல் ஐந்து நாவலும் அச்சானபோது பதினொரு பேய். ஒன்றுகூடத் தப்பியிருக்கவில்லை.

வாசகர்களையும் அவர் விடுவதில்லை. அவர் மனைவி டோரீன் ஒருமுறை என் மேசைமேல் சாய்ந்துகொண்டு சொன்னாள்: “நேத்து என்னை உக்கார வெச்சு, ‘எத்தனாவது பக்கத்துல பயந்தே?’ன்னு கேட்டார். பயப்படலையேன்னேன். ‘நல்லா யோசிச்சுச் சொல்லு டோரீன், அப்புறம் மாத்திச் சொல்லக் கூடாது’ங்கறார். கடைசியில நாப்பத்திரண்டாம் பக்கம்னு சொல்லிட்டு எழுந்து வந்தேன். வேற என்ன செய்ய?”

இவ்வளவும் வேடிக்கைதான். ஐந்தாவது நாவல் வரும்வரை.

அதன் பெயர் ‘படகுத்துறையில் ஒருவன்’. வெளியீட்டு விழா எங்கள் நூலகத்தில், சனிக்கிழமை பிற்பகல். முப்பது நாற்காலி, இரண்டு தட்டு லாமிங்டன் கேக், பெரிய கெட்டிலில் தேநீர். கிளைவ் கழுத்துப்பட்டி கட்டி வந்து, கடைசி அத்தியாயத்தைச் சாட்சிக் கூண்டில் நிற்கிற குரலில் படித்தார். கென் என்கிற மீன்பிடிக்காரனின் ஆவி. பல வருடங்களுக்கு முன் தகரப் படகில் தனியாகப் போனவன். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. கிளிஃப் மூன்று பக்கம் குறுக்கு விசாரணை செய்ததும் ஆவி உடைந்துபோகிறது: ‘ஒப்புக்கொள்கிறேன், சார்ஜண்ட். குடித்திருந்தேன். தவறு என்னுடையதுதான்.’ வழக்கு முடிந்தது. கிளைவ் புத்தகத்தை மூடினார். கைதட்டல்.

கைதட்டாமல் ஒருத்தி எழுந்து நின்றாள். ஏவ்ரில் பாஸ்கோ. எழுபத்து நான்கு வயது, வாரம் மூன்று புத்தகம் எடுப்பவள், நூலகத்தில் இருமுவதற்குக்கூட வெளியே போகிறவள். அவள் தம்பி கீத் முப்பத்தேழு வருடத்துக்கு முன் தகரப் படகில் மீன் பிடிக்கப் போனான். படகு கிடைத்தது. விசாரித்தது அன்றைய இளம் கான்ஸ்டபிள் கிளைவ். இந்த ஊரில் இது தெரியாதவர் யாரும் இல்லை. எங்களுக்குக் கைதட்டும்போது நினைவில்லை, அவ்வளவுதான்.

“சார்ஜண்ட்,” என்றாள். “என் தம்பி உங்ககிட்ட வந்து பேசினானா?”

“இது கதை, ஏவ்ரில். பேரைக்கூட மாத்தியிருக்கேன்.”

“கீத்தைக் கென்னாக்கினீங்க, சரி. அவன் சொட்டுக் குடிச்சவன் இல்ல. எங்க அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன், வாசனைகூட ஆகாது அவனுக்கு. இத்தனை வருஷத்துல ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து ‘தெரியலைம்மா, கண்டுபிடிக்க முடியல’ன்னு சொல்லியிருக்கீங்களா? வரல. இப்ப அவன் வாயாலயே தப்பு என்னோடதுன்னு எழுதி வாங்கிட்டீங்க.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேள்வி கேட்டே வாழ்ந்த மனிதர், மூடிய புத்தகத்தை மறுபடி திறந்து கடைசிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கிளைவ் நூலகத்துக்கு வந்து, தன் நாவலின் நான்கு பிரதிகளையும் கைப்பற்றினார். கைப்பற்றினார் என்பதே சரியான சொல். ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அங்கிருந்து நேரே ஏவ்ரில் வீட்டுக்கு. அங்கே நடந்ததை ஏவ்ரிலே பிறகு என்னிடம் சொன்னாள்.

வராந்தாவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாராம். கதவைத் தட்டவில்லை. “உள்ள வாங்க, இல்ல கிளம்புங்க. பக்கத்து வீட்ல பாக்கறாங்க,” என்று அவள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்துப் படித்தார். கடைசியாகப் படகைப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு. எஞ்சின் சூடு ஆறியிருந்தது. துடுப்பு ஒன்று இல்லை. மேல்சட்டை மடித்து வைத்திருந்தது. சாண்ட்விச் ஒன்று, பாதி சாப்பிட்டது.

“நிறுத்துங்க. பாதி சாப்பிட்டிருந்தானா?”

“அறிக்கையில இருக்கு.”

“அறிக்கையை எனக்கு யாரு காட்டினா? என்ன சாண்ட்விச்?”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “முட்டை.”

ஏவ்ரில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. நான் போட்டுக் குடுத்ததை முறைச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனான். கோவத்துல கடல்லதான் வீசியிருப்பான்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டிருந்தேன்.”

கிளைவ் குறிப்பேட்டை மூடினார். “இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, ஏவ்ரில். அப்பவும் தெரியல. இப்பவும் தெரியல. அதை வந்து சொல்ல வெக்கமா இருந்தது. மன்னிச்சுக்கோங்க.”

அவள் தேநீர் போட்டாள். சர்க்கரை எத்தனை என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கசப்பாகவே குடித்துவிட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்துக் கடைசி அத்தியாயம் மாறி வந்தது. ஆவி படகுத்துறைக்கு வருகிறது. கிளிஃப் கேட்கிறார். அது பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அவ்வளவுதான். புதன்கிழமை நூலகத்தில் கூடும் எழுத்தாளர் வட்டத்தில் அதைப் படித்தபோது, ஆறு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். அவர் எழுதியதில் மயிர்க்கூச்செறிய வைத்த ஒரே பக்கம் அது. நூலகத்துக்கு வந்த திருத்திய பிரதியை ஏவ்ரில் இரண்டு தடவை எடுத்துப் போனாள். இரண்டு தடவையும் கெடு தாண்டித்தான் திருப்பிக் கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஆறாவது நாவலில், பேக்கரியில் நடமாடும் பெண் ஆவியைப் பதினேழாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டார். “ஒரு தடவை விட்டுப் பார்த்தேன்ப்பா,” என்றார் என்னிடம். “ரெண்டு வாரம் சாப்பாடே இறங்கல.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் போலீஸ்காரர் இல்லை, பேய்க்கதையும் எழுதுவதில்லை. பள்ளிக்கூட வேலை முடிந்து பத்து வருடம் ஆனபிறகும் கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை தேடுகிறவரோ, வங்கியை விட்டு வந்தபின்னும் மருமகள் கொடுக்கும் மளிகைப் பட்டியலில் கையெழுத்து எங்கே என்று பார்க்கிறவரோ நீங்கள் இல்லவே இல்லை. ரொம்ப நல்லது. அப்படியானால், இதைப் படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தீர்களே, அது என்ன?