ரிட்டன் மேடமும் திறக்காத ஃபைலும்

மனிதர் எழுதிய எதையும் திருப்பி அனுப்பக்கூடிய ஒரே பிறவி இந்தப் பூமியில் எங்கள் ரிட்டன் மேடம்தான். அக்கவுண்டன்ட் ஆசையாக நீட்டிய கல்யாணப் பத்திரிகையையே திருப்பிக் கொடுத்தவர். “சாப்பாடு எத்தினி மணிக்குன்னு போடல. எழுதிக்கினு வா.” பாவம், மனுஷன் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திருவொற்றியூரில் டயர் கடை மாடியில் எங்கள் மென்பொருள் கம்பெனி. முப்பது வருடம் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கையேடு எழுதிப் பிழைத்த என்னை, ஐம்பத்திரண்டு வயதில் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்தார்கள். ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று. சொன்ன வேலையைத் தானாகவே செய்யும். அது ஃபைல்களைப் படிக்க ஒரு கருவி செய்திருந்தார்கள். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்டுக்கே நான் விளக்கக் குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி வீட்டில் உட்கார்ந்து என் மனைவியின் பெருமூச்சைக் கேட்க வேண்டியதுதான்.

குறிப்பைச் சோதிக்கும் பொறுப்பு ரிட்டன் மேடத்துக்கு. காசிமேட்டு மீனவக் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். என் தலையெழுத்து!

‘இந்தக் கருவி ஃபைலைப் படிக்கும்’ என்று முதல் நாள் எழுதினேன். அரை மணியில் திரும்பி வந்தது.

“இன்னா சார், முழுசா படிக்குமா?”

“ரெண்டாயிரம் வரி படிக்கும்மா. அப்புறம் நின்னுடும்.”

“மிச்சத்த யாரு படிப்பா, உங்க மாமனாரா?”

‘மீதிக்கு, எந்த வரியிலிருந்து என்று சொல்லி மறுபடி கேள்’ என்று சேர்த்தேன். அதுவும் திரும்பி வந்தது. “பாதியில நின்னது அதுக்கு எப்டி தெரியும்? முடிஞ்சிட்ச்சுன்னு நெனச்சிக்கினு போய்கினே இருக்கும்.” ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரைக் கொடுத்தால்? படமாக இருந்தால்? பெயர் தப்பாக இருந்தால்? கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தார். டாக்டர் என் பி.பி. மாத்திரையைக் கூட்டினார்.

கடைசியில் ஒரே வரியில் மாட்டிக்கொண்டோம். ‘எதுவும் வராவிட்டால் ஃபைல் காலி என்று சொல்.’ இதை மட்டும் ஒன்பது முறை திருப்பினார். மறுநாள் வாடிக்கையாளர் முன்னால் ஏஜென்டை ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, ஒண்ணும் வரலன்னா காலிதானே? ஏன் இப்படிப் படுத்தறே?”

“பூட்டிக் கீற ஃபைல்லயும் ஒண்ணும் வராது சார். பாத்துட்டு இல்லன்றது வேற, பாக்காம இல்லன்றது வேற.”

“மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்!”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் நாலாவது படிக்க சொல்லோ புயலு. எங்கப்பா மீன் புடிக்கப் போன போட்டு திரும்பல. ஒருத்தன் வூட்டாண்ட வந்து, ‘கரையில எங்கயும் உம் புருசன் இல்ல’ன்ட்டு போய்ட்டான். எங்கம்மா தாலிய கழட்டிட்டா. மூணு நாள் எழவு. நாலாம் நாள் எங்கப்பா மீன் லாரியில வந்து எறங்கி சோறு கேக்கறாரு! போட்டு ஆந்திரா பக்கம் ஒதுங்கிட்சாம். அந்தாளு கரைக்கே போகல சார். மழைன்னு டீக்கடையில குந்திகினு இருந்துட்டு வந்து சொல்லிக்கீறான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: ‘திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் மட்டும் காலி என்று சொல். திறக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்.’ அது திரும்பி வரவில்லை.

மறுநாள் ராயபுரத்து இறால் ஏற்றுமதிக்காரர் தன் பென் டிரைவைச் செருகினார். நாலு ஃபைலைக் கடகடவென்று படித்த ஏஜென்ட், ஐந்தாவதில் நின்றது. ‘இது பூட்டப்பட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.’ எங்கள் முதலாளியின் முகம் வெளுத்தது. போச்சுடா வேலை என்று நான் என் பையைத் தேடினேன்.

ஏற்றுமதிக்காரர் மேசையைத் தட்டினார். “போன மாசம் வேற ஒருத்தன் மெஷினு இதே ஃபைல காலின்னிச்சு. உள்ள பதினாறு ஆர்டர் கீது நைனா! நம்பி பேஜாரா பூட்ச்சு. உன்து உண்மைய சொல்லுது.”

அன்று மாலையே என் வேலை நிரந்தரமானது. ஸ்வீட் டப்பாவுடன் மேடத்திடம் ஓடினேன். “உள்ள இன்னா ஸ்வீட்டுன்னு மேல போடலயே சார்” என்று அதையும் தள்ளிவைத்தார். பிறகு நாலு எடுத்துக்கொண்டார்.

இப்போது அவர் பெருங்குடியில் வேறு கம்பெனியில் இருக்கிறார். இங்கே நான் எழுதுவதெல்லாம் முதல் தடவையே பாஸாகிவிடுகிறது. எல்லாரும் ‘சூப்பர் சார்’ என்கிறார்கள். படித்துவிட்டுச் சொல்கிறார்களா, படிக்காமலேயா, தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு தரம் திட்டினால்தான் நிம்மதி.