கல்சங்கிலிக் கரையும் என் நோட்டீசும்

ஊருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று கிளம்புகிற ஆளைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பயம். ஒருமுறை அந்த ஆளாக நானே இருந்திருக்கிறேன்.

கம்பியில்லாத இன்டர்நெட் பெட்டி எங்கள் தெருவுக்கு வந்த புதிது. பக்கத்து வீட்டில் இருந்த என் சம்சாரத்தின் தம்பி குமரேசன்தான் முதலில் வாங்கினான். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவன் தொழில். எங்கள் ஊர் வரதர் கோயில் மண்டபத்தில் தொங்கும் கல்சங்கிலியைச் சேலைக் கரையாக வரைந்துகொண்டிருந்தான். வளையத்துக்குள் வளையம் தொங்குவது ஜரிகையில் அப்படியே தெரியும். ஆவணி முகூர்த்தத்துக்கு முன் பெரிய கடை ஒன்றில் காட்டி, பெயர் வாங்க வேண்டும் என்று தவமாய்க் கிடந்தான்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு வாரப் பத்திரிகையில், இந்தப் பெட்டிகளுக்குள் அடுத்தவன் எப்படி நுழைவான் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். (எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி எழுதியிருந்தான், பாவி.) ஜனங்களை எச்சரிக்காமல் விட்டால் அம்மன் என்னைத்தான் கேட்பாள் என்று தோன்றியது.

பஜனை மடத்து விளக்குப் பூஜை நோட்டீஸ் அடிப்பது என் பொறுப்பு. பின்பக்கம் காலியாக இருந்தது. "பக்தர்களே உஷார்! திருடன் இப்படித்தான் வருவான்" என்று தலைப்புக் கொடுத்து, பத்திரிகையில் இருந்த வழியை வரிசையாக எழுதினேன். அதோடாவது நிறுத்தினேனா? விளங்கட்டுமே என்று உதாரணமும் சேர்த்தேன்: "சாமி பெயரை ரகசியச் சொல்லாக வைக்காதீர். என் மைத்துனர் குமரேசன் காமாட்சி என்று வைத்திருக்கிறார். உள்ளே நுழைந்தவன் அவர் டிசைனையெல்லாம் அள்ளிக்கொண்டு போகலாம்." கடைசி வரி, "இதை ஒன்பது பேருக்குக் கொடுத்தால் அம்மன் அருள் கிட்டும்."

கொடுத்தார்கள். அருள் விஷயத்தில் எங்கள் ஊர் குறை வைக்காது.

ஆடி முடிவதற்குள் குமரேசன் அந்தக் கடைக்குப் போனான். முதலாளி உள்ளேயிருந்து ஒரு சேலையை எடுத்துப் பிரித்தாராம். அதே சங்கிலி. "யாரு டிசைனைப்பா சுட்டுக்கினு வந்த?" என்று இவனையே கேட்டிருக்கிறார்.

நேரே என் வீட்டுக்கு வந்தான். கையில் நோட்டீஸ்.

"இன்னா மாமா இது?"

"எச்சரிக்கைபா. பத்திரிகையிலயே வந்துச்சே, நானா புதுசா சொன்னேன்?"

"அவன் ஊருக்குச் சொன்னான். நீங்க என் வூட்டு வாசலைக் காட்டி இல்ல சொல்லிக்கிறீங்க! பூட்டு சரியில்லன்னா மொதல்ல வூட்டுக்காரன்கிட்ட சொல்லணும். ஒரு கொரல் குடுத்தா வந்திருப்பேனே!"

"உடுடா, அவருக்கு இன்னா தெரியும்?" என்றாள் என் சம்சாரம்.

"தெரியாதவரு எழுதுனதாக்கா இது? இத்தப் படிச்சா கோயில் யானைகூட உள்ள பூந்துரும்!"

சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. அழுதான். தெருவையே காப்பாற்றப் புறப்பட்டவனுக்குப் பக்கத்து வீடு கண்ணில் படாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் சொந்தமாக ஒரு கரையும் வரையவில்லை. மற்றவர்கள் வரைந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறான். என்னோடு பேசுகிறான், அளந்து பேசுகிறான்.

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது ரகசியம் பேசும்போது நான் போனால், "நோட்டீஸ் வருது, நிறுத்துங்க" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துகொள்வேன்.

வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நான் கை கூப்பினால் என் சம்சாரம் காதோடு சொல்வாள்: "மனசுக்குள்ளயே வேண்டிக்கோங்க. வாய்விட்டுச் சொன்னா அதையும் எவனாவது சுட்டுக்கினு பூடுவான்."

மனசுக்குள்தான் வேண்டிக்கொள்கிறேன். அவன் இன்னும் ஒரு கரை வரையட்டும், தாயே.