தேங்காய் துருவும் காலஞ்சென்ற அம்மா

பெனிசிமானியின் அம்மா அவனுக்கு எட்டு வயதாகும்போதே செத்துப்போனாள். இப்போது சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பவளும் பெனிசிமானியின் அம்மாதான். இரண்டும் உண்மை. குடிவரவு அலுவலகத்து அதிகாரி வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததால், இரண்டில் ஒரு உண்மையை உடனே எங்காவது ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

"எதை ஒளிக்கறதுண்ணே?" என்று கேட்டான் பெனிசிமானி.

"செத்தவங்களை ஒளிக்க முடியாது. இருக்கறவங்களை ஒளி" என்றார் ஃபெலெட்டி.

நாம் சித்தி, பெரியம்மா என்று தனித்தனியாகப் பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டோம். டோங்காத் தீவுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. பெற்றவளும் அம்மா, அவளுடைய அக்கா தங்கைகளும் அம்மா. எல்லாருக்கும் ஒரே சொல். பெற்ற காலோலைனே காய்ச்சலில் போனதும், அவளுடைய தங்கை லாவினியா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனுக்கு அம்மா இல்லாத குறையே தெரியவில்லை.

நியூசிலாந்தில் நிரந்தரமாக வசிக்க மனுப் போட்டபோது, 'தாய்: காலமாகிவிட்டார்' என்று எழுதினான். சில மாதம் கழித்து லாவினியாவுக்கு விசிட்டர் விசா கேட்டபோது, 'தாய், மகனைப் பார்க்க வருகிறார்' என்று எழுதினான். இரண்டையும் சொல்லி எழுதவைத்தவர் ஃபெலெட்டி. அப்போது அவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஓட்டாஹுஹு வட்டாரத்து டோங்காக்காரர்களுக்கு விசா விஷயத்தில் ஃபெலெட்டிதான் எல்லாம். படித்தவர் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு வக்கீலோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து சட்டம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. காசு வாங்க மாட்டார். சுட்ட பன்றிக்குட்டியில் ஒரு தொடையை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். தேவாலயத்தில் பாட்டு முடிந்ததும் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும்.

"பெனி, இந்த ஆளு பேச்சைக் கேக்காதே. அந்த அதிகாரி வந்தா நடந்ததைச் சொல்லிடு" என்றாள் மனைவி லுசேயானே.

"ஐயோ, நடந்ததையா!" ஃபெலெட்டி நெஞ்சில் கை வைத்தார். "தங்கச்சி, அதிகாரிகிட்ட உண்மையைச் சொன்னா அவங்க அடுத்த கேள்வி கேப்பாங்க. பொய்யைச் சொன்னா எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! என்னையே எடுத்துக்க, எந்த அதிகாரிகிட்டயும் என் சொந்தப் பேரைச் சொன்னதே கிடையாது."

பெனிசிமானி வெல்டிங் பட்டறையில் கண் எரிய எரிய நின்று சேர்த்த வாழ்க்கை இது. பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் படிக்கிறார்கள். மனுவில் பொய் என்று முத்திரை விழுந்தால் எல்லாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். போனில் அந்த அதிகாரி, "உங்க விண்ணப்பம் சம்பந்தமா ஒரு சின்ன விஷயம், நேர்ல வந்து பேசறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் அவனுக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

லாவினியாவிடம் போய்ப் பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னான்.

"அடுப்புல இறைச்சி இருக்கு. வீட்டுக்கு விருந்தாளி வர்ற நேரத்துல நான் எங்கே போறது? உனக்கு மூளை கெட்டுப்போச்சா?" என்றாள் அவள், துருவுவதை நிறுத்தாமல்.

"சரி, அவங்க இருக்கட்டும்" என்றார் ஃபெலெட்டி. "அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நல்லதாப் போச்சு. நாம செத்தவங்களைப் பலமாப் பிடிச்சுக்குவோம். நீ போய்க் கறுப்பு உடுத்திக்க. இடுப்புல, நம்ம ஊர்ல சாவுக்குக் கட்டற துக்கப் பாயைக் கட்டு. பெரிய பாயா, கிழிஞ்சதா, பழசா. பார்த்த உடனே அம்மா இல்லாத புள்ளைன்னு தெரியணும்."

மார்பிலிருந்து முழங்கால்வரை நாரும் கிழிசலுமாகத் தொங்கும் ஒரு பழம்பாயைச் சுற்றிக்கொண்டு பெனிசிமானி கதவைத் திறந்தபோது, வாசலில் நின்ற அதிகாரி மிஸஸ் ஹேரேவினியின் முகம் வாடிவிட்டது. நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி. நெருங்கியவர் செத்தால்தான் டோங்காக்காரர்கள் இப்படிக் கட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அடடா, மன்னிச்சுக்கங்க. இந்த நேரத்துல வந்துட்டேனே! யார் தவறிட்டாங்க?"

"அம்மா."

"எப்போ?"

பெனிசிமானி ஃபெலெட்டியைப் பார்த்தான். ஃபெலெட்டி கூரையைப் பார்த்தார்.

"எனக்கு எட்டு வயசுல" என்றான் பெனிசிமானி.

மிஸஸ் ஹேரேவினி அவனை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருஷம் துக்கம் காக்கும் மகனை அவள் கண்டதில்லை போலும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இவர்?"

"செமிசி. பக்கத்து வீடு" என்றார் ஃபெலெட்டி, கண் இமைக்காமல்.

அப்போது லாவினியா, தர்பூசணியில் தேங்காய்ப்பூ கலந்த பானத்தை ஒரு குண்டானோடு கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"இவங்க?" என்றாள் அதிகாரி.

"சமையலுக்கு வந்தவங்கன்னு சொல்லு" என்று டோங்கா மொழியில் முணுமுணுத்தார் ஃபெலெட்டி.

"சமையலுக்கு வந்தவங்க" என்றான் பெனிசிமானி.

"இவங்க லாவினியாதானே? விசிட்டர் விசாவுல வந்தவங்க வேலை செய்யக் கூடாதே. உங்களுக்குத் தெரியாதா?"

பெனிசிமானிக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பாய் வேறு அரித்தது.

"வேலை இல்லைங்க, வேலை இல்லை!" செமிசியாகிய ஃபெலெட்டி குறுக்கே பாய்ந்தார். "ஒரு ரூம்ல வாடகைக்கு இருக்காங்க. பொழுது போகாம சமைக்கறாங்க."

"உள்வாடகையா? வீட்டு ஓனருக்குச் சொல்லிட்டீங்களா?"

ஓனருக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு வாடகைக்கு யாரும் இல்லை. லுசேயானே கதவோரம் நின்று புருஷனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். ஃபெலெட்டிக்கு மட்டும் உற்சாகம் ஏறிக்கொண்டே போனது.

"நான் விளக்கமாச் சொல்லிடறேன். இவங்க என்னோட அம்மா. என்னைப் பார்க்கத்தான் வந்தாங்க. எங்க வீட்ல இடம் இல்லை, அதனால இங்கே."

மிஸஸ் ஹேரேவினி அவருடைய நரைத்த தலையைப் பார்த்தாள். லாவினியாவின் கருகருவென்ற கொண்டையைப் பார்த்தாள்.

"இவங்களுக்கு அறுபது வயசு. உங்களுக்கு?"

"ஐம்பத்தி நாலு" என்றார் ஃபெலெட்டி. வயதில் மட்டும் பொய் சொல்ல மறந்துவிட்டார்.

மிஸஸ் ஹேரேவினி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அந்தக் காலத்துல எல்லாம் சின்ன வயசுலயே கல்யாணம்" என்றார் ஃபெலெட்டி.

என்ன பேச்சு நடக்கிறதென்று புரியாமல் சிரித்துக்கொண்டிருந்த லாவினியா, பெனிசிமானியின் முகத்தைக் கவனித்தாள். வியர்வையும் மூக்கொழுகலுமாக இருந்தது. எழுந்து வந்து அவன் மோவாயை நிமிர்த்தி, முந்தானை போலத் தொங்கிய சால்வையால் அழுத்தித் துடைத்தாள்.

"கழுதை வயசாகுது, விருந்தாளி முன்னாடி மூக்கைத் துடைச்சுக்கத் தெரியல. அது என்ன பாய், யாருடா செத்துட்டா? அவுத்துப் போடு முதல்ல!"

வார்த்தை புரியாவிட்டாலும் தொனி மிஸஸ் ஹேரேவினிக்குப் புரிந்தது.

"உங்க வீட்ல குடியிருக்கறவங்க உங்க மூக்கைத் துடைச்சு விடுவாங்களா?" என்றாள் அமைதியாக.

பெனிசிமானி லாவினியாவைப் பார்த்தான். தன்னை வளர்த்தவளை ஒரே மூச்சில் சமையல்காரியாக்கி, குடித்தனக்காரியாக்கி, கடைசியில் ஃபெலெட்டிக்கும் அம்மாவாக்கியாகிவிட்டது. அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"இல்லைங்க. இவங்க என் அம்மா" என்றான். "செத்துப்போனவங்களும் என் அம்மாதான். அவங்க பெத்தாங்க, இவங்க வளர்த்தாங்க. எங்க பாஷையில ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை. நான் பொய் எழுதலை. இன்னிக்குச் சொன்னதுதான் பொய். எல்லாமே பொய். திருப்பி அனுப்பறதுன்னா என்னை மட்டும் அனுப்புங்க, பிள்ளைங்க படிச்சு முடிக்கட்டும்."

மிஸஸ் ஹேரேவினி குவளையைக் கீழே வைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"இதுக்கா இவ்வளவு கூத்து? எங்க பாஷையிலயும் அப்படித்தான். எனக்கு நாலு அம்மா. எவ போன் பண்ணாலும் திட்டு ஒண்ணுதான். பெத்தவங்க யார், வளர்த்தவங்க யார்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க, அதோட முடிஞ்சுது. இனிமே அதிகாரிகிட்ட கதை விடாதீங்க. அம்மா விஷயத்துக்கு ஒண்ணும் ஆகாது. இந்த மாதிரி கதை விட்டாத்தான் விசா போகும்."

பெனிசிமானி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உடம்பிலிருந்து ஒரு மலை இறங்கியது. பாயையும் அவிழ்த்து எறிந்தான். லுசேயானே அழுதுகொண்டே சிரித்தாள். லாவினியா எல்லாருடைய குவளையையும் மறுபடி நிரப்பினாள். செமிசிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"நான் அப்பவே சொன்னேன், உண்மையைச் சொல்லிடுன்னு!" என்றார்.

"அம்மா விஷயமா நான் வரவே இல்லையே" என்றாள் மிஸஸ் ஹேரேவினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் வந்தது வேற ஒருத்தரைத் தேடி. லைசென்ஸ் இல்லாம இந்த வட்டாரத்துல ஊருக்கே விசா ஆலோசனை சொல்லிக்கிட்டு இருக்கார். அவர் பேச்சைக் கேட்டுக் கெடுவைத் தவறவிட்டு ரெண்டு குடும்பம் ஊருக்கே திரும்ப வேண்டியதாப் போச்சு. காசு வாங்காட்டியும் அது குத்தம். உங்க மனுவும் அவர் கைதானோன்னு சந்தேகம். பேரு ஃபெலெட்டி. தெரியுமா?"

பெனிசிமானி பாயைப் பொறுக்கி எடுத்து மடிக்கத் தொடங்கினான். இப்போதுதான் ஒரு பொய்யிலிருந்து பிழைத்து வந்திருக்கிறான். அதற்குள் இன்னொன்றா?

"ஃபெலெட்டியா? கேள்விப்பட்டதே இல்லையே!" என்றார் செமிசி, தொப்பியை எடுத்து வாசல் பக்கம் நகர்ந்தபடி. "ஆனா அப்படிப்பட்ட ஆளுங்களை எல்லாம் சும்மா விடக் கூடாதுங்க!"

"ரொம்ப சரி, செமிசி" என்றாள் அதிகாரி.

இவ்வளவு நேரமும் ஒரு சொல்கூடப் புரியாமல் உட்கார்ந்திருந்த லாவினியாவுக்குத் தெரிந்த பெயர் ஒன்று இரண்டு தடவை காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எட்டிப்போய் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து அதிகாரி முன்னால் நிறுத்தினாள்.

"பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறா அந்தப் பொண்ணு, நீ பாட்டுக்கு எங்கேடா போற, ஃபெலெட்டி?"