செயலாளர் வீட்டுப் புகை

வாணலியில் காப்பிக்கொட்டை புகைய ஆரம்பித்ததும் கோதண்டம் செய்த முதல் வேலை, ஜன்னலைச் சாத்தியதுதான்.

அடுப்பை அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அணைத்திருக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பூவம்மா வீடு. திருவொற்றியூரில் அந்த மூன்று மாடிக் குடியிருப்புக்குக் கோதண்டம்தான் சங்கச் செயலாளர். அவர் போட்ட முதல் சட்டமே வீட்டில் புகை கூடாது என்பது. பூவம்மா கருவாடு சுட்டாலும் போய் நிற்பார், சாம்பிராணி போட்டாலும் போய் நிற்பார். முப்பது வருடம் அனல்மின் நிலையத்து நிலக்கரிக் கிடங்கில் வேலை பார்த்த மூக்கு. ஒரு தீக்குச்சிகூட அதற்குத் தப்பாதாம். சொன்னதும் அவரேதான்.

சாயங்காலம் ஐந்துக்கு மறுபடியும் செயலாளர் தேர்தல். அப்போது மணி மூன்றரை.

பெரம்பூரில் தங்கையைப் பார்க்கப் போன மனைவி ரமாபாய் நாலுக்குத் திரும்புவாள். ஹார்பரில் வேலை செய்யும் நண்பர் பிராங்கிளின் கொடுத்த பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்து, அரைத்து, அவள் கையில் ஒரு டம்ளர் காப்பி கொடுக்கக் கோதண்டத்துக்கு ஆசை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் வந்த முதல் ஆசை. வந்த நேரம்தான் சரியில்லை.

ஜன்னலைச் சாத்தியதும் புகை கதவிடுக்கு வழியாக வராந்தாவுக்குக் கிளம்பியது. ஈரத்துண்டை வைத்து அடைத்தார். கண் எரிந்தது. ஃபேனைப் போட்டார். கொட்டையிலிருந்து உரிந்த சருகெல்லாம் எழும்பி, அடுப்பில் பற்றி, பொறிப்பொறியாகப் பறந்து, ஒன்று காலண்டரில் போய் உட்கார்ந்தது. காலண்டரைச் சொம்புத் தண்ணீரால் அணைத்துவிட்டு, ஒருவழியாக அடுப்பையும் அணைத்தார்.

கொட்டைதான் அடங்குவதாக இல்லை.

இங்கேதான் அனுபவம் குறுக்கே வந்தது. கிடங்கில் கரிக்குவியல் புகைந்தால் புல்டோசரை ஏற்றி அமுக்குவார்கள். காற்றுப் போகாவிட்டால் நெருப்பு செத்துவிடும். கோதண்டம் கொட்டையைச் சுடச்சுட பிஸ்கட் டின்னில் கொட்டி, கரண்டியால் அமுக்கி, மூடியை இறுக்கினார்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"இன்னாண்ணா, உள்ள இன்னா பண்ற? வராந்தா பூரா பொகையா கீது." பூவம்மாவேதான்.

"ஒண்ணுமில்ல பூவம்மா, கொசுவத்தி."

"பட்டப்பகல்ல இன்னா கொசு?"

"எண்ணூர் கொசு. அதுக்கு நேரம் காலம் இல்ல."

பேசிக்கொண்டே டின்னை அலமாரியில், மடித்த போர்வைகளுக்கு நடுவே செருகினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூடி தெறித்தது. பாதிக் கொட்டை சிதறி, போர்வை கருகத் தொடங்கியது. அடுத்த அடுக்கில் ரமாபாயின் கல்யாணப் புடவை.

பதவி போனால் போகிறது என்று கோதண்டம் கதவைத் திறந்தார்.

"பூவம்மா, காப்பாத்து."

அவள் நேராக உள்ளே நுழைந்தாள். போர்வையை இழுத்து வாளித் தண்ணீரில் முக்கினாள். துணியைச் சுற்றி டின்னைத் தூக்கி, அகலமான அலுமினியத் தட்டில் கொட்டையைக் கவிழ்த்து, மெலிசாகப் பரப்பி, முறத்தால் விசிறினாள். ஜன்னலைத் திறந்தாள். புகை அடங்கியது. புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது கரி இல்லண்ணா. கரிய அமுக்கணும், இத்தப் பரப்பணும். மூடி வச்சா சூடு உள்ளயே நின்னு கருகிக்கினே போவும். ஜன்னலத் தொறந்து வச்சுகினு அடுப்பாண்டயே நிக்கணும். வாணலியில தீ புடிச்சா மட்டும் மேல கவுக்கறதுக்கு ஒரு மூடி கையாண்ட வச்சுக்கணும்."

கோதண்டத்துக்குக் கண் கலங்கியது. புகையால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

"உன்ன எவ்ளோ பேஜாரு பண்ணிக்கீறேன். நீ வரலன்னா வூடே போயிருக்கும்."

"அக்கம்பக்கம்னு பின்ன எதுக்குண்ணா கீறோம்?"

"மீட்டிங்ல யாராவது கேட்டா..."

"நான் இன்னாத்தப் பார்த்தேன்? கொசுவத்தி எரிஞ்சுது."

பதவியையும் புடவையையும் ஒரே மூச்சில் காப்பாற்றியவளைக் கோதண்டம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கை யாரையும் கும்பிட்டுக் குடியிருப்பில் ஒருவரும் பார்த்ததில்லை.

"இன்னிக்கி மொதல் தீர்மானமே உனக்குத்தான் பூவம்மா. கருவாடு சுட்டுக்கோ, இன்னா வேணா சுட்டுக்கோ. எவனும் கேக்க மாட்டான்."

அப்போது பையும் கையுமாக ரமாபாய் உள்ளே வந்தாள். தட்டில் பரப்பிய கொட்டையையும், விசிறிக்கொண்டிருந்த பூவம்மாவையும், கும்பிட்ட கையோடு நின்ற புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, வாராவாரம் எங்க காப்பிக்கொட்டைய உன் வூட்லதானே இவருக்குத் தெரியாம வறுத்துத் தருவ? இன்னிக்கி இன்னா, இங்கியே வந்து வறுக்கிற?"