கரண்டுக் கத்தி

கத்தி உறுமியது. மீன் பறந்தது.

குற்றாலலிங்கம் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சாளை மீனின் ஒரு பாதி சுவர்க் காலண்டரில் பௌர்ணமிக் கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபாதியைக் காணவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது அதில் கொஞ்சம் இருந்தது.

“உலகம்மே!”

“என்ன?” கூடத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பவில்லை.

“சாளைய எங்கேருந்து வெட்ட ஆரம்பிக்கணும்?”

“மீன்லேருந்து.”

“அது தெரியும்ட்டி. தலைப் பக்கமா, வால் பக்கமா?”

“கத்தி வாங்கினவுக கத்திகிட்ட கேளுங்க.”

திருவனந்தபுரம் மணக்காட்டில் அந்தத் தெருவுக்கு இந்த விவகாரம் அடியிலிருந்து நுனி வரை தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல், உலகம்மை ஓர் அறிவிப்பு வெளியிட்டாள். இனிமேல் இந்தக் கையால் மீன் கழுவ மாட்டாளாம்.

“ஏன், என்ன ஆச்சு?” என்றார் குற்றாலலிங்கம்.

“கை நாறுது.”

“இத்தன வருஷமா நாறலியா?”

“இத்தன வருஷமா சகிச்சேன்.”

இதற்குப் பதில் சொல்லி ஜெயித்த புருஷன் எந்த ஊரிலும் இல்லை.

சந்தையிலேயே வெட்டி வாங்கினால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். திருவனந்தபுரத்தில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். ஆனால் அந்தக் கதவை மனிதர் தன் வாயாலேயே அடைத்துப் பூட்டியிருந்தார். “சந்தைக் கல்லுல வெட்டின மீன் ஒரு விள்ளல் நாக்குல பட்டாப் போதும், நான் சொல்லிருவேன். அந்தக் கல்லுல அதுக்கு முன்னால வெட்டின பத்து மீனோட வாடையும் அதுல இருக்கும்” என்பது அவருடைய சித்தாந்தம். கல்யாண வீடுகளில், பஸ்ஸில், சாலைக் கடைத்தெருவில் அவர் கணக்கு எழுதும் பாத்திரக் கடையில், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வார். மச்சினன் வீட்டில் ஒருமுறை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவியவர்.

ஆகவே உலகம்மை தினமும் காலையில் சந்தைக்குப் போவாள். மீனோடு வந்து புழக்கடைக்குப் போய், வாடை உள்ளே வரும் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். முந்தானை நனைந்து வெளியே வரும்போது ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு மாடி வரை கேட்கும். பொறுமைக்கு உதாரணம் என்று தெருப் பெண்கள் அவளைத்தான் சொல்வார்கள்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு வாரமாகச் சாம்பார். நடுவில் ஒருநாள் புளிசேரி, ஒருநாள் முட்டைகோஸ் தோரன். குற்றாலலிங்கம் தேய்ந்து போனார். கிழக்கேகோட்டையில் ஒரு மீன்காரி கூடையோடு நின்றிருந்தாள் என்பதற்காகத் தன் பஸ்ஸை விட்டுவிட்டுக் காற்று வீசும் பக்கமாகப் போய் நின்றாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த நிலைமையில்தான் போனில் அந்தக் கத்தியைப் பார்த்தார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன், முழங்கை நீள மீனை வாழைப்பழம் உரிக்கிற மாதிரி உரித்து வைத்தான். ரம்பப் பல் வைத்த இரட்டை அலகு, கரண்டில் ஓடுவது. உடனே வரவழைத்துவிட்டார்.

உலகம்மை பெட்டியைப் பார்த்தாள். முகம் ஒரு விநாடி மாறி, பழையபடி ஆனது.

“சரி. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரே ஒரு மீன, சட்டிக்குப் போற மாதிரி வெட்டிக் காட்டுங்க. இல்லேன்னா மீன் சட்டிய மாடி ஆர்யாவுக்குக் குடுத்திருவேன். அதோட இந்த வீடு சைவம்.”

அந்தச் சட்டி சாதாரணச் சட்டி இல்லை. வருஷக்கணக்கில் குழம்பு குடித்துக் கறுத்த மண்சட்டி. சும்மா வெந்நீர் வைத்தாலே குடம்புளி மணக்கும். அது மாடி ஏறினால் தன் ஆயுள் முடிந்தது என்று குற்றாலலிங்கத்துக்குத் தெரியும்.

அன்று சாளைகளில் தேறியதை ஒரு கரண்டியில் அள்ளிவிடலாம். மீதி சுவரோடு போயிற்று. செதில் எடுப்பது, குடல் எடுப்பது எதுவும் கத்தியின் வேலை இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. வெள்ளைக்காரன் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

மாடியில் குடியிருக்கும் வினீத், ஆர்யாவின் புருஷன், சத்தம் கேட்டு இறங்கி வந்தான். மலையாளி, டெக்னோபார்க்கில் வேலை. எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான்.

“அங்கிள், சின்ன மீனுக்கு இது ஓவராணு. பெரிய மீன் வேணும். சூர வாங்கி நோக்கு.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு முழுச் சூரை வந்தது. கத்தி அதில் கேக்கில் இறங்குவது போல் இறங்கியது. குற்றாலலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் முள் வந்தது. கத்தி சிக்கி முனகியது. கருகல் வாடை வந்தது. பிறகு வீடு முழுக்கக் கரண்டு போயிற்று.

மாடியிலிருந்து வினீத் தடதடவென்று வந்தான்.

“எந்தா அங்கிள் இது! அமெரிக்காக்காரனோட பேசிட்டிருந்தேன். போன் கட்டாயி!”

“நானும் அமெரிக்காக்காரனாலதாம்ல இந்த நிலைமையில இருக்கேன்” என்றார் குற்றாலலிங்கம்.

வினீத் ஃபியூஸைச் சரிசெய்தான். மறுபடி கத்தி ஓடியது. கடைசியில் முள்ளில்லாத இரண்டு சதைப் பாளங்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு, சாமிக்குப் படைப்பதுபோல் உலகம்மை முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

“என்ன இது, அல்வாவா?”

“ஃபில்லட்டு.”

“தல எங்க? நடுமுள்ளு எங்க?”

“அது கழிவு. வெளிய வச்சிட்டேன்.”

“தலையும் முள்ளும் இல்லாம மீன் குழம்பா? ருசி எங்கேருந்து வரும், உங்க கத்தியிலேருந்தா?”

குற்றாலலிங்கம் புழக்கடைக்கு ஓடினார். தெருப் பூனைகள் பந்தியை முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தன. அடுத்த தெருப் பூனை ஒன்றும் விருந்துக்கு வந்திருந்தது.

“அப்போ நீதான் சொல்லித் தாயேன்” என்று திரும்பி வந்து கெஞ்சினார். “குடல எப்பிடி எடுக்க?”

“உள்ள இருக்கிறத வெளிய எடுக்கணும்.”

“அதான் எப்பிடி?”

“அதெல்லாம் வாயால சொல்லுற காரியமா? கையால செய்யுற காரியம்.”

எவ்வளவு வைராக்கியம் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வார்த்தை கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே!

மீனை உறைய வைத்து வெட்டினால் நழுவாது என்று இன்னொரு வீடியோ சொன்னது. ஃப்ரீசரில் அயலை மீன்களை அடுக்கினார். சனிக்கிழமை எடுத்தபோது அவை அம்மிக் குழவிகளாக இருந்தன. கத்தி அவற்றின் மேல் துள்ளியது, வழுக்கியது, கடைசியில் இரண்டு பல்லைக் கக்கியது. பல் எந்த மீனுக்குள் போயிற்று என்று யாருக்கும் தெரியாததால் எல்லா மீனையும் புதைக்க வேண்டியதாயிற்று.

ஃப்ரிட்ஜில் இருந்த பால், இட்லி மாவு, நேற்றைய துவையல் எல்லாவற்றிலும் அயலை வாடை ஏறியிருந்தது. உலகம்மை காப்பி டம்ளரை நீட்டினாள்.

“குடிங்க. காப்பியில மீன் வாசம். ஆசப்பட்டது கெடச்சாச்சுல்லா?”

அவர் குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டார் என்று சொல்கிறார்கள். அந்த அளவுக்கு மனிதர் உடைந்து போயிருந்தார்.

சாயங்காலம் வினீத் படியில் நின்று தலையைச் சொறிந்தான்.

“அங்கிள், ஆர்யா கேக்கச் சொன்னா. சட்டி நாளைக்குக் கிட்டுமா, திங்களாழ்ச்சயா?”

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கடைசி முயற்சியாக ஒரு நெய்மீனை முழுசாக வாங்கி வந்து சமையலறைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார். மீனின் கண்ணில் தெளிவு இருந்தது. அவர் கண்ணில் இல்லை. இனி வாழ்நாள் முழுவதும் முருங்கைக்காயைச் சப்பித் துப்ப வேண்டும். செத்த பிறகு படையலிலும் சாம்பார்தான் வைப்பாள். கூடத்தில் சட்டியைத் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம்தான் அவரைத் தப்புத் தண்டாவுக்குத் தள்ளியது.

கத்தியின் சுவிட்சை அழுத்தி, ஒரு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினார். உறுமும் கத்தியை அலுமினிய அண்டாவுக்குள் இறக்கினார். ரைஸ் மில் மாதிரி வீடு அதிர்ந்தது.

“உலகம்மே, உள்ள வராத! கத்தி ஓடுது!”

“நான் ஏன் வாறேன்?” என்று பதில் வந்தது.

நெய்மீனைப் பைக்குள் போட்டுக்கொண்டு புழக்கடை வழியாக வெளியே வந்தார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை.

சந்தைக்குள் நுழைந்தபோது கால் கூசியது. எந்தக் கல்லைப் பழித்துப் பழித்துப் பேர் வாங்கினாரோ, அந்தக் கல்லைத் தேடித் தானே வந்திருக்கிறார். தெரிந்த முகம் இல்லாத மூலையாகப் பார்த்து நின்றார். அங்கே கனத்த உடம்புக்காரி ஒருத்தி அரிவாள்மணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேர் தாசம்மாள் என்பது பக்கத்துக் கடைக்காரி போட்ட சத்தத்தில் தெரிந்தது.

“வெட்டணுமா சாரே?”

“ஆமா, சீக்கிரம்.”

“செத்த நில்லுங்க. ரெண்டு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் வந்து உக்காந்திருக்கேன். மவளுக்குப் பேறு பாக்க தூத்தூருக்குப் போயிட்டேன். ஆம்பளப் பிள்ள. துண்டு எப்படிப் போடணும்?”

துண்டு மாறினால் உலகம்மை கண்டுபிடித்துவிடுவாளே!

“எங்க வீட்டுல வெட்டுற மாதிரி இருக்கணும். தல ரெண்டா... வாலு கொஞ்சம் சாஞ்சாப்ல... எனக்குச் சொல்லத் தெரியல தாயி. என் வீட்டுக்காரி உலகம்மை வெட்டினா ஒரு பக்குவமா இருக்கும்.”

“மணக்காட்டு உலகம்மை அக்காவா?”

“உனக்குத் தெரியுமா?”

“சந்தைக்கு வாற ஆளுதான?”

தாசம்மாள் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் வெட்டினாள். செதில் போயிற்று, குடல் போயிற்று, தலை இரண்டாகப் பிளந்தது, வால் துண்டு சாய்வாக விழுந்தது. அவருக்குப் பிடித்த வயிற்றுத் துண்டு, தோல் கிழியாமல், தட்டில் தினமும் பார்த்த அதே அளவில் வந்து உட்கார்ந்தது.

இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

“அச்சு அசல் எங்க வீட்டு வெட்டு! அவளே பாத்தாலும் தான் வெட்டினதுன்னுதான் நெனைப்பா!”

“கை பழகிப் போச்சு சாரே.”

உடனே பயமும் வந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரு தாயி. இது இங்க வெட்டின மீன்னு எங்க வீட்டுல தெரிஞ்சிரக் கூடாது. சந்தையில வெட்டினத நாக்குல வச்சாலே கண்டுபிடிச்சிருவேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா அதோட என் கதை முடிஞ்சுது.”

தாசம்மாள் பையை முடிந்து அவர் கையில் கொடுத்தாள்.

“பயப்படாதீங்க சாரே. இத்தன வருஷமா அக்காவும் மீன் வெட்டி வாங்குறப்பல்லாம் இதையேதான் சொல்லிட்டுப் போறாவ. ஒரு தடவையாவது நான் மூச்சு விட்டிருக்கேனா?”