மெயின் மிஷன் எங்கேயும் போகாது

மனிதகுலம் பெற்ற ஞானங்களில் தலையாயது பட்டாபிராமில், மூன்றாம் மாடி பிளாட் ஒன்றில், பூபாலனின் சோபாவில் உதித்தது. வீடியோ கேம் என்று அதைச் சிறுமைப்படுத்துவோர் உண்டு. பூபாலன் அதை 'ஆராய்ச்சி' என்பார்.

'இருள்கோட்டை' என்ற விளையாட்டில் ஒரு ராணி சிறையில் இருக்கிறாள். விடிந்தால் தூக்கு. அவளை மீட்கப் புறப்பட்ட பூபாலன் வழியில் மீன் பிடித்தார், மூலிகை பறித்தார், யாருடைய ஆட்டையோ தேடிக் கொடுத்தார். ஒரு வருடம் ஆயிற்று. இன்னும் விடியவில்லை, ராணியும் பத்திரம். அவர் கண்ட பேருண்மை: நாயகன் வந்து சேரும்வரை எதுவும் தொடங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சுதாவுக்கு வங்கித் தேர்வு. வயது வரம்புப்படி அதுவே கடைசி வாய்ப்பு. நசரத்பேட்டைக் கல்லூரியில் ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். பைக்கில் கொண்டுபோய் விடும் பொறுப்பைப் பூபாலன் 'ஏற்றருளினார்'.

ராணியின் தாத்தாவுக்கு ஒரு கண் போன வரலாற்றை வழியெல்லாம் விளக்கினார்.

"எங்க அப்பாவுக்கு எந்தக் கண்ணுல ஆபரேஷன் பண்ணாங்க, சொல்லுங்க பாப்போம்" என்றாள் சுதா.

பூபாலன் ஹாரன் அடித்தார்.

குமணன்சாவடியில் வண்டியை நிறுத்தினார். புது ஊருக்குள் நுழைந்தால் எல்லோரிடமும் பேச வேண்டும் என்பது விளையாட்டின் விதி.

"மணி எட்டரைங்க!"

"பதறாத சுதா. மெயின் மிஷன் எங்கேயும் போகாது."

இளநீர்க்காரரிடம் போனார். "இந்த ஏரியால ஏதாவது பிரச்சனை இருக்காண்ணா?"

"இன்னா நைனா, எலக்சன்ல நிக்கிறியா?"

பழக்கடை, பஞ்சர் கடை என்று விசாரணை விரிவடைந்தது. திரும்பி வந்தபோது பைக் மட்டும் நின்றது. துணைக்கு வருபவர் தானாகவே வந்து சேர்ந்துகொள்வார் என்பதும் விதிதான். அவர் நிம்மதியாக ஒரு இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கல்லூரிக் கேட் பூட்டியிருந்தது. காவலாளி கஜபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டிருந்தார்.

"பரீட்சை ஆரம்பிச்சிடுச்சா?"

"அது ஆரம்பிச்சு எவ்ளோ நேரம் ஆவுது!"

"நான் இன்னும் வரலையே!"

"நீ எழுதப் போறியா?"

"இல்ல, என் ஒய்ஃப். பச்சை சுடிதார்."

"அந்தப் பொண்ணா? ஷேர் ஆட்டோல வந்து, கேட்டை மூட்றதுக்குள்ள உள்ள பூட்ச்சே." கஜபதி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அது வந்துட்ச்சு, எழுதிகினு கீது. அப்பால நீ இன்னாத்துக்கு நைனா?"

இருள்கோட்டையின் ஏழு வம்சங்களிலும் யார் எதற்காகப் பிறந்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லக்கூடிய அறிஞர், பதில் தெரியாமல் வெயிலில் நின்றார்.