‘ஆர் சொன்னது’ அண்ணன்

கண்டியில் ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று அறியப் பொலிஸ், பத்திரிகை, சலூன் கடை என்று எத்தனையோ வழி இருந்தது. அத்தனையும் சேர்ந்தாலும் எங்கள் லேனில் குடியிருந்த ‘ஆர் சொன்னது’ அண்ணனின் கால்தூசு பெறாது.

யாழ்ப்பாணத்து மனுசன், ஓய்வுபெற்ற நில அளவையாளர். “மழை பெய்யுதுங்க” என்றாலும் “ஆர் சொன்னது?” என்பார். சொன்னவர் நனைந்திருந்தால்தான் நம்புவார்.

கைத்தொலைபேசி வந்ததும் இந்தப் பித்து முற்றிவிட்டது. யுத்த காலம். எஸ்எம்எஸ்ஸில் தினம் ஒரு புரளி வரும், நாங்கள் உடனே பத்துப் பேருக்கு அனுப்புவோம். அவரோ அனுப்பியவரை ஃபோனில் அழைத்து விசாரணை வைப்பார். ஏன் இந்த வீண்வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

“கலவரத்தில கொழும்பில இருந்த என்ர வீடு ஒரு பொய்க்கதையாலதான் எரிஞ்சது, தம்பி. அப்ப கதை ஓடித்தான் வந்தது. இப்ப அதுக்குக் காலும் தேவையில்லை.”

ஒரு தேர்தல் நாள் காலை, லேன் முழுக்க ஒரே எஸ்எம்எஸ்: ‘வாக்களிப்பு நிலையத்தில் தமிழர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். போகாதீர்கள்.’

பக்கத்து வீட்டுச் சரசக்கா டவுன் தெருக்களைக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளி. இந்திய வம்சாவளி என்று அப்பன் காலத்திலிருந்தே மறுக்கப்பட்ட பிரஜாவுரிமை அப்போதுதான் கிடைத்திருந்தது. முதல் வோட்டுக்காகக் கல்யாணப் புடவை கட்டி நின்றவர், “விடுங்கண்ணே, நமக்கெல்லாம் எங்க வோட்டு” என்று புடவையை மாற்ற உள்ளே திரும்பினார்.

“நில்லு பிள்ளை. ஆர் சொன்னது?”

அக்காவுக்கு அனுப்பியது கம்பளையில் இருக்கும் அவரது தம்பி. தம்பிக்கு அனுப்பியது கலகெதரையில் ஒரு கடைக்காரர். அண்ணன் ஒவ்வொருவராக அழைத்து, “கண்ணால கண்டனீங்களோ?” என்று கேட்டார். ஒருவரும் காணவில்லை. கடைக்காரருக்கு அனுப்பியது கடுகண்ணாவையில் இருக்கும் என் சொந்த மச்சான். நான் மெல்ல என் ஃபோனைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். மச்சானுக்கு அனுப்பியது நான்.

“உமக்கு ஆர் சொன்னது?”

“தெரியாத நம்பருண்ணே. பல்லு வெளக்கிறதுக்கு முன்னயே வந்துருச்சு.”

“அப்ப வாரும், போய்ப் பாப்பம்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வரிசை, ஒரு பொலிஸ்காரர், ஒரு தூங்கும் நாய். யாரையும் யாரும் திருப்பவில்லை.

“நீர் கெடுத்ததை நீரே திருத்தும். கீழ உம்மட பேரையும் போடும்” என்றார் அண்ணன்.

‘நேரில் பார்த்தேன். பிரச்சினை இல்லை. வாங்க’ என்று எழுதிப் பெயரும் போட்டேன். அந்தக் காலத்தில் எதற்கும் பெயர் போடப் பயம். ஆனாலும் லேன் முழுக்க அனுப்பினேன், மச்சானுக்கும்.

அரை மணி நேரத்தில் எங்கள் லேனே வரிசையில் நின்றது. முன்னால் கல்யாணப் புடவையில் சரசக்கா. அன்று முழுக்க மை வைத்த சுண்டுவிரலைத் தண்ணீரில் படவிடாமல் தூக்கியபடியே சமைத்தார். எனக்கோ, நானே தேர்தலில் வென்றது போலப் பெருமை.

போர் முடிந்ததும் அண்ணன் ஊரோடு போய்விட்டார். இரண்டு வருசம் கழித்துப் புது நம்பரிலிருந்து ஓர் எஸ்எம்எஸ்: ‘மாம்பழக் காலம். குடும்பத்தோட வாரும்.’ கீழே ஒரு பெயர். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. அழைத்தேன்.

“யாருங்க நீங்க? என் நம்பரை உங்களுக்கு யாரு சொன்னது?”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “ஓம் தம்பி, இப்பதான் நீர் ஒழுங்காக் கேக்கிறீர்.”

ஆறு வருசம் பக்கத்தில் இருந்தவரின் பெயர் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஃபோனில் ‘ஆர் சொன்னது’ என்றே பதிந்திருக்கிறேன். அந்த நம்பரிலிருந்து எது வந்தாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிடுவேன்.